'வியட்நாமைத் தவிர' என்று சொல்லி முடித்துவிட முடியுமா? லிண்டன் ஜான்சனை எடைபோடும் சிக்கல்

அமெரிக்க அதிபர்களை வரலாற்றாசிரியர்கள் வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அவ்வப்போது வெளிவரும். அவற்றில் லிண்டன் ஜான்சன் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2017-ல் எடுத்த கணிப்பில் அவருக்கு 10-வது இடம், 2021-ல் 11-வது இடம். வியட்நாம் போரை அத்தனை பெரிதாக்கியவருக்கு இவ்வளவு மேலே எப்படி இடம் கிடைத்தது? பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் புரியும்: எல்லோருக்கும் சம நீதி கிடைக்கப் பாடுபட்டவர் என்ற தலைப்பில் லிங்கனுக்கு அடுத்து இவர்தான், வெளியுறவு என்ற தலைப்பில் வரிசையின் வால் பக்கம். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் பத்தோ பதினொன்றோ வருகிறது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தப் பத்தும் பதினொன்றும் ஜான்சனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. பேச்சில் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "வியட்நாமைத் தவிர்த்துப் பார்த்தால் பெரிய தலைவர்." அந்தத் 'தவிர' சரியா என்பதுதான் இங்கே கேள்வி. சரியில்லை என்பது என் முடிவு. அதற்குக் காரணம், போர் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது என்பது அல்ல. போரும் நலத்திட்டங்களும் ஒரே மேசையில், ஒரே வாரங்களில், ஒரே பயத்தோடு எடுத்த முடிவுகள் என்பதுதான் காரணம்.

முதலில் சில அடிப்படைகள்

1. அமெரிக்கக் காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, நாடாளுமன்றம். பிரதிநிதிகள் அவை, செனட் என்று இரண்டு அவைகள். சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் அதன் கையில் இருக்கிறது.

2. ஃபிலிபஸ்டர் என்பது செனட்டில் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கே விடாமல் பேசிப் பேசியே இழுத்தடிக்கும் உத்தி. அன்றைய விதிப்படி அதை நிறுத்த, வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கறுப்பின மக்களுக்கு உரிமை தரும் மசோதாக்களைத் தென்மாநில செனட்டர்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் சாகடித்தார்கள்.

3. 'மகா சமுதாயம்' என்பது ஜான்சன் தன் நலத்திட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர். வறுமை ஒழிப்பு, மருத்துவக் காப்பீடு, கல்வி நிதி எல்லாம் இதில் அடக்கம்.

4. போர் அறிவிப்பு. அரசியல் சாசனப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே. ஆனால் வியட்நாமுக்கு எதிராகக் காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்ததே இல்லை. இந்த விஷயம் கொஞ்ச நேரத்தில் முக்கியமாகும்.

உள்ளே நடந்தது

1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும், டாலஸில் நின்ற விமானத்துக்குள்ளேயே துணை அதிபர் ஜான்சன் அதிபராகப் பதவி ஏற்றார். துணை அதிபர் ஆவதற்கு முன்னால் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்தவர். எந்த உறுப்பினருக்கு எது வேண்டும், எது பயம் என்று விரல்நுனியில் வைத்திருந்த ஆள்.

அடுத்த ஆண்டே சிவில் உரிமைச் சட்டம் வந்தது. செனட்டில் ஏறக்குறைய 60 நாள் ஃபிலிபஸ்டர், 1964 ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற கணக்கில் அது உடைந்தது. அந்த 71 பேரில் 27 பேர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஜூலை 2 அன்று ஜான்சன் கையெழுத்திட்டார். பொது இடங்களிலும் வேலையிலும் நிறம் பார்த்து ஒதுக்குவது சட்டவிரோதம் ஆனது.

1965-ல் வாக்குரிமைச் சட்டம். இதன் விளைவைப் புரிந்துகொள்ள மிசிசிப்பி மாநிலம் ஒன்று போதும்: சட்டத்துக்கு முன் அங்கே தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள், 1967-ல் அது 59.8 சதவீதம். இரண்டே ஆண்டில் இப்படி மாறிய எண்ணை அரசியலில் அடிக்கடி பார்க்க முடியாது.

அதே 1965-ல்தான் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட். இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. மெடிகேர் பணம் வேண்டுமானால் மருத்துவமனை வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு என்று பிரித்து வைக்கக்கூடாது என்று அரசு நிபந்தனை போட்டது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக இழுத்திருக்கக்கூடிய பிரச்சினை, பணம் நின்றுவிடும் என்றதும் தென்மாநில மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் சில மாதங்களுக்குள் தீர்ந்தது.

அப்புறம் 1965 அக்டோபரில் சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். இன்று அமெரிக்காவில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் கதவு திறந்தது.

அரசுக் கணக்குப்படி 1964-ல் 19 சதவீதமாக இருந்த வறுமை 1969-ல் 12.1 சதவீதம் ஆனது. இதில் எல்லாப் புகழும் திட்டங்களுக்கே என்று சொல்ல முடியாது, பொருளாதாரமும் அப்போது வேகமாக வளர்ந்தது. ஆனாலும் சின்ன எண் இல்லை இது.

வெளியே நடந்தது

ஜான்சன் பொறுப்பேற்றபோது தென் வியட்நாமில் சுமார் 16,000 அமெரிக்க ராணுவத்தினர், 'ஆலோசகர்கள்' என்ற பெயரில் இருந்தார்கள். அவர் போரைத் தொடங்கவில்லை, கையில் வாங்கிக்கொண்டார். இதை அவர் பக்கம் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 2 நடந்தது உண்மை. ஆகஸ்ட் 4 நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை என்று பின்னாளில் தெளிவானது. ஆனால் அதை வைத்து ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: பிரதிநிதிகள் அவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. அதிபர் தேவையானதைச் செய்துகொள்ளலாம் என்ற வெற்றுக் காசோலை அது. சிவில் உரிமைச் சட்டத்துக்கு அறுபது நாள் சண்டை, போருக்கு மூன்று நாள்.

பிறகு எண்கள் ஏறிய வேகம்: 1965 இறுதியில் சுமார் 1,84,000 வீரர்கள், 1966 இறுதியில் 3,85,000, 1968 இறுதியில் 5,36,000. 1968-ல் மட்டும் 16,899 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஜான்சன் பதவியை விட்டு இறங்கும்போது மொத்தம் 36,000-க்கு மேல், போர் முடிந்தபோது 58,220. வியட்நாம் பக்கம்? அந்நாட்டு அரசு 1995-ல் சொன்ன கணக்கு, 1954 முதல் 1975 வரையிலான மொத்தப் போரில் சுமார் 20 லட்சம் பொதுமக்கள், 11 லட்சம் போராளிகள். ஜான்சனை மட்டும் பொறுப்பாக்கும் எண் அல்ல இது, ஆனால் போர் பெருத்தது அவர் காலத்தில்தான்.

வெளியுறவு என்றாலே தோல்வி என்றும் எழுதிவிடக்கூடாது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968 ஜூலையில் கையெழுத்தானது இவர் காலத்தில்தான். இந்தியாவோடு நடந்தது இன்னும் விசித்திரம். 1965 முதல் 1967 வரை இந்தியா வறட்சியில் தவித்தபோது, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமையை ஜான்சன் மாதத்துக்கு மாதம் தானே பார்த்துப் பார்த்து அனுமதித்தார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற அழுத்தம் ஒரு பக்கம். அமெரிக்கக் குண்டுவீச்சை இந்திரா காந்தி விமர்சித்ததில் வந்த எரிச்சல் மறுபக்கம். பசித்தவன் வாயில் போகிற சோற்றைப் பிடித்து வைத்து பேரம் பேசுவது அசிங்கம்தான். ஆனால் அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த புதிய விதை, உரம், விலைக் கொள்கைக்கு இந்த நெருக்கடி வேகம் கொடுத்தது என்பதும் உண்மை. அமெரிக்கக் கோதுமையை நம்பி இனி இருக்க முடியாது என்று டெல்லிக்குப் புரிந்தது. இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள், வரவிலா செலவிலா?

இரண்டும் ஒரே காலண்டரில்

உள்நாடு ஒரு அத்தியாயம், வியட்நாம் ஒரு அத்தியாயம் என்று பிரித்து எழுதுவதால்தான் 'தவிர' சாத்தியமாகிறது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. 1965 மார்ச் 7: அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. மார்ச் 8: அமெரிக்க மரைன் படையின் முதல் தரைப்படைப் பிரிவுகள், சுமார் 3,500 பேர், வியட்நாமின் தா நாங்கில் இறங்கின. மார்ச் 15: வாக்குரிமைச் சட்டம் கேட்டுக் காங்கிரசில் ஜான்சன் ஆற்றிய உரை, அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை.

2. ஜூலை 28: வியட்நாமில் படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும் என்று ஒரு மதிய நேரப் பத்திரிகையாளர் சந்திப்பில் போகிறபோக்கில் அறிவித்தார். ஜூலை 30: மெடிகேர் கையெழுத்து. ஆகஸ்ட் 6: வாக்குரிமைச் சட்டம் கையெழுத்து.

பத்து நாள். இது தற்செயல் இல்லை. ரிசர்வ் படைகளை அழைக்க வேண்டும், வரியை உயர்த்த வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா சொல்லியிருந்தார். ஜான்சன் இரண்டையும் தள்ளிவிட்டார். அப்படிச் செய்தால் நாடே போரைப் பற்றி விவாதிக்கும், காங்கிரசில் இருக்கும் பழைமைவாதிகள் "போர் நேரத்தில் நலத்திட்டம் எதற்கு" என்று மசோதாக்களை முடக்குவார்கள். ஆகவே மசோதாக்கள் நிறைவேறும் வரை போரைச் சின்னதாகக் காட்ட வேண்டியிருந்தது. அதாவது சாதனையின் விலையில் ஒரு பங்கு, போரைப் பற்றி மக்களிடம் மறைத்ததுதான். 'நம்பகத்தன்மை இடைவெளி' என்று பத்திரிகைகள் பிறகு எழுதிய நோய்க்கு விதை இங்கே இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு கயிறு உண்டு. 1949-ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும் "சீனாவைக் கோட்டைவிட்டது யார்" என்ற கூச்சல் அன்றைய அதிபர் ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியைக் குதறியது. 1952-ல் ஆட்சியும் போனது. அதை செனட்டிலிருந்து பக்கத்தில் பார்த்தவர் ஜான்சன். வியட்நாமைக் கைவிட்டால் அதே கூச்சல் எழும், தன் மகா சமுதாயமே அதில் அடித்துக்கொண்டு போகும் என்பது அவருடைய பயம். நலத்திட்டத்தைக் காப்பாற்றப் போர், போரை மறைத்து நலத்திட்டம். இதில் எதைக் கழித்துவிட்டு எதைப் பார்ப்பது?

பணம் என்ன ஆனது

"துப்பாக்கியும் வாங்கலாம், வெண்ணெயும் வாங்கலாம்" என்பது அன்றைய விவாதத்தின் சொற்றொடர். போர்ச் செலவையும் நலச் செலவையும் ஒன்றாகச் சுமக்கும் அளவுக்கு நாடு பணக்கார நாடு என்று ஜான்சன் சொன்னார். ஒரு சில ஆண்டு சுமந்தது. போர்ச் செலவு ஆண்டுக்கு 2,000 கோடி டாலரைத் தாண்டியபோது மூச்சு முட்டியது. 1965-ல் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்த விலைவாசி உயர்வு 1968-ல் 4 சதவீதத்தைத் தாண்டியது, பட்ஜெட் பற்றாக்குறை சுமார் 2,500 கோடி டாலர். வரியை உயர்த்த ஜான்சன் 1967-ல் கேட்டபோது, வரிக் குழுவின் தலைவர் வில்பர் மில்ஸ் தராசைக் கையில் எடுத்தார்: வரி வேண்டுமா, செலவில் 600 கோடி டாலர் வெட்டு. 1968 ஜூனில் 10 சதவீதக் கூடுதல் வரி நிறைவேறியபோது அந்த வெட்டும் சேர்ந்தே வந்தது.

மார்ட்டின் லூதர் கிங் இதை 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் ஆற்றிய உரையிலேயே சொல்லிவிட்டார்: ஏழைகளுக்கான திட்டத்தின் பணத்தையும் ஆட்களையும் போர் உறிஞ்சுகிறது என்று. இரண்டு பெரிய சட்டங்களில் ஜான்சனோடு கைகோத்தவர் இப்படிப் பேசியதை வெள்ளை மாளிகை துரோகமாகப் பார்த்தது.

எடைபோட உதவும் கேள்விகள்

மதிப்பெண் போடுவதற்குப் பதிலாக, எந்தத் தலைவரானாலும் நான் கேட்க விரும்புவது இவைதான்.

1. அந்த முடிவு எவ்வளவுக்கு அவருடைய சொந்த முடிவு? உள்நாட்டுச் சட்டத்துக்குக் காங்கிரஸ் வேண்டும், எதிர்க்கட்சியின் 27 பேர் வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் தெருவில் அடிவாங்கிய மக்கள் வேண்டும். போரில் அதிபர் ஏறக்குறையத் தனியாகவே முடிவெடுக்க முடிந்தது. அதனால் சாதனையின் புகழைப் பலரோடு பங்கு போட வேண்டியிருக்கிறது, தோல்வியின் பழி அவர் ஒருவர் தலையிலேயே அதிகம் விழுகிறது. இது அநியாயம்போலத் தோன்றும், ஆனால் அதிகாரம் அப்படித்தான் பிரிந்திருந்தது.

2. தெரிந்து செய்தாரா? இந்தக் கேள்விதான் ஜான்சனை அதிகம் காயப்படுத்துகிறது. 1964 மே 27 அன்று தன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியோடு தொலைபேசியில் பேசும்போது, இந்த இடம் சண்டை போடத் தகுந்தது என்று தனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியேறவும் வழி தெரியவில்லை என்ற பொருளில் அவரே சொல்கிறார். ஒலிப்பதிவு இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் 67 பக்கக் குறிப்பு எழுதி எச்சரித்தார். 1965 பிப்ரவரியில் துணை அதிபர் ஹம்ஃப்ரி, 61 சதவீத வாக்கோடு ஜெயித்து வந்திருக்கும் இந்த நேரத்தில் விலகினால்தான் அரசியல் நஷ்டம் மிகக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். பலன், வியட்நாம் ஆலோசனைகளில் ஹம்ஃப்ரியைச் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். அறியாமையால் செய்த தவறு என்றால் மன்னிக்க இடம் இருக்கும். இங்கே அந்த இடம் ரொம்பக் குறுகல்.

3. விலை கொடுத்தது யார்? மெடிகேரின் பலனைப் பெற்றவர்கள் அவருக்கு வாக்களிக்க முடிந்தவர்கள், எதிர்த்து வாக்களிக்கவும் முடிந்தவர்கள். வியட்நாம் விவசாயிக்கு ஜான்சனைத் தேர்ந்தெடுக்கவோ தூக்கவோ எந்த வழியும் இல்லை. 'ஒட்டுமொத்தமாகப் பார்த்தால்' என்று பேசுகிற ஒவ்வொரு முறையும் ஒருவர் பெற்ற நன்மையை வைத்து இன்னொருவர் உயிரைக் கழிக்கிறோம்.

4. இரண்டு பக்கமும் பிணைந்திருக்கிறதா? எல்லாத் தலைவர்களிடமும் இது ஒரே மாதிரி இருக்காது. நேருவை எடுத்துக்கொண்டால், 1962-ல் சீனாவோடு ஏற்பட்ட தோல்விக்கும் உள்நாட்டுத் திட்டமிடலுக்கும் தொடர்பு உண்டு. அணைக்கும் ஆலைக்கும் போன பணம் ராணுவத்துக்குப் போகவில்லை, அது தெரிந்தே செய்த தேர்வு. ஆனால் அந்தத் தேர்வை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது: பலம் குறைவு என்று தெரிந்தும் எல்லையில் முன்னே முன்னே காவல் சாவடிகளை நிறுத்தியது தனித் தவறு. அதோடு பிரதமராக இருந்த 17 ஆண்டும் வெளியுறவு அமைச்சரும் அவரே. முதல் கேள்வியின்படி, பழியைத் தள்ளிவிட வேறு ஆள் இல்லை.

5. இன்று எது மிச்சம்? சாதனை என்றால் நிரந்தரம் என்று நினைக்கத் தோன்றும். வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பிரிவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் செயலிழக்க வைத்துவிட்டது. மெடிகேர் இன்னும் நிற்கிறது, இன்று 6 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். போரின் மிச்சமும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. காடுகளை அழிக்கத் தெளித்த களைக்கொல்லி ஏஜென்ட் ஆரஞ்சு. கென்னடி காலத்தில் தொடங்கிய களைக்கொல்லித் தெளிப்புத் திட்டம் ஜான்சன் காலத்தில் உச்சத்துக்குப் போனது. ஏஜென்ட் ஆரஞ்சை வைத்திருந்த விமானத்தளங்களின் மண்ணில் நஞ்சு தங்கிவிட்டது. 1965 மார்ச் 8 அன்று மரைன்கள் இறங்கிய அதே தா நாங்கில், விமான நிலையத்து மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலையை அமெரிக்காவும் வியட்நாமும் சேர்ந்து 2012-ல் தொடங்கி 2018-ல்தான் முடித்தன. அடுத்து பியென் ஹோவா தளம். அங்கே அள்ள வேண்டிய மண் தா நாங்கைவிட அதிகம்.